நீலப் புல்லி பாடிய பிற்பகல்கள்

பகல் சாப்பாடு முடிந்த பிறகு நாவற்குடாவில் ஒரு நேரம் வரும். வாவிப் பக்கக் காற்று அசையாமல் நிற்கும். தென்னோலையின் நிழல் மணலில் கிடந்த இடத்திலேயே கிடக்கும். எங்கள் நாய்கூட வாலைப் பிறகு ஆட்டிக்கொள்ளலாம் என்று படுத்திருக்கும்.

அந்த நேரத்தில் நான் லேத்தை நிறுத்துவேன். சட்டையில் ஒட்டிய அலுமினியச் சுருள்களைத் தட்டிவிட்டு, பால் விடாத பிளேன்ரீயோடு பட்டறை வாசலில் உட்காருவேன். கண் பாதி மூடியிருக்கும். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

அப்போதுதான் அந்தக் கார் வரும். காருக்கு முன்னால் அதன் சத்தம் வந்துவிடும். யாரோ வாயை மூடிக்கொண்டு ஒரே சுரத்தை இழுப்பதுபோல மெல்லிய, நீண்ட ஒரு ‘ம்ம்ம்’. கார் கிட்ட வந்து வேகம் குறையக் குறைய அந்தச் சுரம் கரைந்து இல்லாமல் போகும்.

“மீன் பாடுது,” என்பார் உள்ளே பாயில் படுத்திருக்கும் என் கணவர், கண்ணைத் திறக்காமலே.

வெள்ளைக் கார் ஒன்று வேலியோரம் நிற்கும். காத்தான்குடி நிஸார் நானா சாரத்தை மடித்துக்கொண்டு இறங்குவார். நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். “என்ன தங்கச்சி, நித்திரையா?” என்பார். இல்லை என்று நான் பொய் சொல்லுவேன்.

எங்கள் பட்டறை மீன்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் இந்த வாவிக் கரையில் பிறந்தவள். ஒரு பூரணைக்குத் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டும் இருக்கிறேன். ஏதோ கேட்டது. அது மீனா, என் காதா என்று இன்றைக்கும் சத்தியம் பண்ண மாட்டேன்.

ஆனால் எங்கள் பட்டறையில் மீன் பாடும். தேய்ந்துபோன பெயாரிங் இழுக்கும் சத்தத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. “டைனமோவில மீன் பாடுது” என்றால் டைனமோவின் பெயாரிங் போய்விட்டது என்று பொருள். ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதை விட்டுவிட்டுப் பெயாரிங் கழற்றும் கருவியைத் தேடுவோம்.

ஒரு சொல் இப்படித்தான் ஆட்களை மடையர்களாக்கும். அந்தச் சொல் அழகாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நிஸார் நானாவின் காரில் நாங்கள் டைனமோவின் பெயாரிங்கை மாற்றினோம். தண்ணீர்ப் பம்பின் பெயாரிங்கை மாற்றினோம். பெல்ட்டையும் மாற்றினோம். மீன் பாடிக்கொண்டே இருந்தது.

உண்மையைச் சொன்னால், அது நின்றுவிட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் பெரிய அவசரம் இருக்கவில்லை. கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

கைப்பையில் வந்த சாமான்

நிஸார் நானா வளைகுடாவில் பல வருடங்கள் இருந்தவர். கார்களுக்குப் புதுச் சாமான் போட்டு வேகமும் அழகும் கூட்டிக் கொடுக்கும் ஒரு பட்டறையில் வேலை. போகும்போது அவருடைய மகள் பர்ஹானா தவழ்ந்துகொண்டிருந்தாள். ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது அவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். இடையில் லீவில் வந்து போன நாட்களை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. “அது விருந்தாளியா வந்து போனது, தங்கச்சி,” என்பார்.

அவர் திரும்பி வரும்போது கூட வேலை செய்த கூட்டாளிமார் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சாமான் கொடுத்து அனுப்பினார்கள். விமானத்தில் பெட்டிக்குள் போட மனம் வராமல் கைப்பையில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தாராம். அதுதான் அந்த நீலப் புல்லி.

பள்ளிக்கூடப் புத்தகம் கப்பி என்று சொல்லும். கப்பி என்றால் எனக்குக் கிணறுதான் ஞாபகம் வரும். எஞ்சினின் முன்பக்கம், சுழலும் தண்டான கிராங் ஷாப்ட்டின் நுனியில் பூட்டி, பெல்ட்டைச் சுற்றிக்கொண்டு ஓடும் சில்லுக்கு எங்களிடம் புல்லி என்றுதான் பெயர். கம்பனி போடுகிற புல்லி இரும்பு. இது அலுமினியம். கையில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தோன்றும், அத்தனை இலேசு.

நான் ஒரு கடைசல்காரி. நல்ல சாமானைக் கண்டால் எனக்குப் பசி மறந்துபோகும். வார்த்து எடுக்காமல் முழுக் கட்டியிலிருந்தே கடைந்திருந்தார்கள். பாரம் குறைக்கப் போட்ட துளைகளின் உள்மூலைகள் எல்லாவற்றையும் வளைத்து மழுக்கியிருந்தார்கள். கூரான மூலையில்தான் வெடிப்புப் பிறக்கும் என்று தெரிந்த கை அது. நீலம் பெயின்ட் அல்ல. அலுமினியத்தின் மேல்தோலையே மின்சாரத்தால் கடினமாக்கி, அந்தத் தோலுக்குச் சாயம் ஊட்டியிருந்தார்கள். மென்மையான உலோகத்தைப் பெல்ட் தின்றுவிடாமல் காப்பது அந்தத் தோல்தான்.

மத்தியான வெயிலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் வாவியின் நடுப்பகுதித் தண்ணீரைக் கையில் எடுத்த மாதிரி இருக்கும். இவ்வளவு அழகாக ஒன்றை நானும் ஒருநாள் கடைய வேண்டும் என்று, அவர் அதைக் கொண்டுவந்து காட்டிய அன்றைக்கு நினைத்தேன். பொறாமைதான், வேறென்ன.

வளவும் லேத்தும்

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பட்டறை என் வீட்டு வளவில் இருக்கிறது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். இவரும் அப்படித்தான் வந்தார், ஒரு சூட்கேசும் ஒரு லேத்துமாக. சூட்கேசை அறைக்குள் வைத்தார்கள். லேத்தை எங்கே வைப்பது என்று என் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் மாமரத்தடியில் தகரம் போட்டு நிறுத்தினோம்.

இவருக்கு ஒரு இடத்தில் நிற்க வராது. வெல்டிங் செய்வார், எஞ்சின் இறக்குவார், ஊர்க்கதை பேசுவார். லேத்துக்கு முன்னால் மணிக்கணக்காக நிற்கப் பொறுமை வேண்டும். அது என்னிடம் இருந்தது. அப்படித்தான் லேத் என் கைக்கு வந்தது. “வளவும் உன்ட, லேத்தும் உன்ட, நான் யாரு?” என்று இடைக்கிடை கேட்பார். “நீங்க சூட்கேஸ்,” என்பேன்.

காத்தான்குடியிலும் வழக்கம் இதேதான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பர்ஹானாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை ஓட்டமாவடி. கலியாணத்தன்று பெண் பக்கத்தார் போய் அவரை அழைத்துக்கொண்டு வர வேண்டும்.

நிஸார் நானாவின் ஆசை முழுவதும் அந்த ஒரு பயணத்தில் இருந்தது. மகளுடைய முதல் நடை, முதல் பள்ளிக்கூட நாள், காய்ச்சல், பரீட்சை எதற்கும் அவர் இல்லை. அவளுக்குப் புருஷனாக வரப்போகிறவரையாவது தன் கையால் ஓட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் இறக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பழைய காரை வாங்கி, ஆணி ஆணியாகப் பார்த்துத் திருத்தினார். கூட்டாளிமார் தந்த நீலப் புல்லியையும் அதற்காகத்தான் போட்டார். “அவனுகளும் என்ட மகள்ட கலியாணத்துக்கு வந்த மாதிரி இரிக்கும்,” என்றார்.

சட்டி அலுமினியம்

இங்கே ஒரு பழைய கதை குறுக்கே வருகிறது. சாமான்கள் எதுவும் ஊருக்குள் வராத காலம் ஒன்று இருந்தது. இரும்பும் இல்லை, ஸ்பெயாரும் இல்லை. வட்டை என்று நாங்கள் சொல்லும் ஒரு வயல்வெளியில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினின் புல்லி உடைந்துவிட்டது. அந்த வட்டை முழுவதும் கதிர் வெளிவர இருக்கும் குடலைப் பயிர். தண்ணீர் நின்றால் எல்லாம் பதராகிவிடும்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? என் சீதனச் சட்டிகள் இரண்டை எடுத்து உருக்கினார். கூடவே யாரோ கழித்த பிஸ்டன் ஒன்று. மணலில் அச்சு எடுத்து ஒரு அலுமினியப் புல்லி வார்த்தார். நான் கடைந்து கொடுத்தேன். பார்க்க மினுமினுவென்று நன்றாகத்தான் இருந்தது. மதியம் பூட்டினோம், பின்னேரம் வெடித்தது. ஒரு துண்டு பறந்துபோய்த் தென்னையில் குத்தி நின்றது. நல்லவேளை, ஆட்கள் வரம்பில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் பாண் ரொட்டியைப் பிய்த்த மாதிரி உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்தது. உருகிய அலுமினியம் காற்றைக் குடித்துவிட்டு, ஆறும்போது அதைக் குமிழியாக உள்ளேயே வைத்துக்கொள்ளும். வெளியே தெரியாது. பிறகு அயல் வட்டைக்காரரின் எஞ்சினை இரவல் வாங்கிப் பயிரைக் காப்பாற்றினார்கள். என் சட்டிகள் போனது போனதுதான். அதைச் சொல்லிக்காட்டாமல் இவரோடு ஒரு சண்டையும் இன்றுவரை முடிந்ததில்லை.

அதனால் நிஸார் நானாவின் காரில் ஏதோ சரியில்லை என்று என் மனதில் பட்டபோதும் நான் அந்தப் புல்லியைச் சந்தேகப்படவில்லை. அது சட்டி அலுமினியம் இல்லையே. அத்தனை பலமான சாமான்.

கல்குடா வீதி

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, ஓட்டமாவடி வரைக்கும் ஒருக்கா ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் நிஸார் நானா. நாங்கள் மூன்று பேரும் போனோம். அங்கே போன பிறகு, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கல்குடாவில் கடலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் இவர். இவருக்கு எதற்கும் ஒரு சாக்கு போதும்.

போகிற வழியெல்லாம் கார் பாடியது. வீதியின் இருபுறமும் வயல், அதற்கப்பால் வாவியின் கை ஒன்று வெயிலில் தகடாகக் கிடந்தது. நாரைகள் வரம்பில் நின்றன. இவர் முன் சீற்றில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். எனக்கும் தலை சாய்ந்தது. அந்த ‘ம்ம்ம்’ வயலிலிருந்து வருகிறதா, எனக்குள்ளிருந்து வருகிறதா என்று தெரியாத ஒரு மயக்கம். இந்தப் பயணம் முடியாமலே போய்க்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அந்த மயக்கத்தில்தான் கவனித்தேன். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தேன். வெறும் காலுக்குக் கீழே காரின் தளம் நடுங்கியது. நானா வேகத்தைக் கூட்டினார். நடுக்கமும் பாட்டும் சேர்ந்து நின்றன. குறைத்தார், திரும்ப வந்தன. இன்னும் குறைத்தார், நின்றன.

பெயாரிங் அப்படிப் பாடாது. வேகம் கூடக் கூட அது இன்னும் கத்தும். ஒரே ஒரு வேகத்தில் மட்டும் வந்து, அதைத் தாண்டினால் போய்விடும் மீன் எங்கள் மீன் இல்லை.

“நானா, காரை நிப்பாட்டுங்க.”

“என்ன தங்கச்சி, தலை சுத்திச் சத்தி வருதா?”

“நிப்பாட்டுங்க எண்டுறன். பொனட்டைத் திறந்து பெல்ட்டைக் கழட்டுங்க.”

கடற்கரை மரத்தடியில் பெல்ட்டைக் கழற்றினோம். பெல்ட் இல்லாவிட்டால் டைனமோவும் ஓடாது, பம்பும் ஓடாது. நாங்கள் குற்றம் சாட்டிய பெயாரிங் ஒன்றும் சுற்றாது. பிறகு எஞ்சினை எழுப்பி வேகத்தைக் கூட்டச் சொன்னேன்.

பாடியது. அதே சுரம், கொஞ்சமும் குறையாமல்.

இவருக்குத் தூக்கம் போய்விட்டது. “அப்ப இது மீனில்லையா?” என்றார். எங்கள் பட்டறையின் அத்தனை வருட அனுபவமும் அந்தக் கேள்வியில் அடங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

பலம்தான் பிரச்சினை

மறுநாள் பட்டறையில் நீலப் புல்லியைக் கழற்றினேன். ஷாப்ட்டும் புல்லியும் ஒன்றாகச் சுற்றுவதற்கு இரண்டுக்கும் இடையில் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும். அதைக் கீ என்போம். புல்லியில் அந்தக் கீ உட்காரும் வெட்டின் விளிம்பு நசுங்கி அகன்றிருந்தது. சுற்றிலும் சாம்பல் நிறத்தில் மாவு. அரைபட்ட அலுமினியம் அது.

கம்பனி போடும் பழைய புல்லி ஏன் அத்தனை பாரம் என்று அப்போது நிஸார் நானாவுக்குச் சொன்னேன். அது ஒரே துண்டு இல்லை. உள்ளே ஒரு இரும்பு, வெளியே ஒரு இரும்பு வளையம், இரண்டுக்கும் நடுவில் இறுக்கி வைத்த றப்பர். எஞ்சினுக்குள் ஒவ்வொரு தடவை பெற்றோல் வெடிக்கும்போதும் கிராங் ஷாப்ட் கொஞ்சம் முறுகித் திரும்பும். கண்ணுக்குத் தெரியாத முறுக்கு. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அந்த முறுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். அந்த நடுக்கத்தைக் குடித்துக்கொள்ளத்தான் றப்பர். நீலப் புல்லியில் அதைக் குடிக்க ஆள் இல்லை. வந்த நடுக்கம் அப்படியே ஷாப்ட்டுக்குத் திரும்பிப் போகிறது. அதைத்தான் நாங்கள் பாட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

“அப்ப இது பலமில்லாத சாமான் எண்டுறீங்களா?” நானாவின் குரல் மாறிவிட்டது.

“பலம்தான் நானா. அதான் பிரச்சினை. இது கொஞ்சமும் விட்டுக்குடுக்காது.”

“உள்ளுக்கு வளையமா ஒரு இரும்பு புஷ் அடிச்சிட்டா?” என்றார் இவர் இடையில் புகுந்து.

“புஷ் அடிச்சா கீ வெட்டு சரிவரும். நடுக்கத்தை என்ன செய்யுற? இப்பிடியே ஓடினா ஒருநாள் கிராங் முறியும். எந்த நாள், எந்த இடம் எண்டு என்னால சொல்ல ஏலாது.”

நானா நீலப் புல்லியை என் கையிலிருந்து வாங்கிச் சாரத்தால் துடைத்தார். “என்ட கூட்டாளிமார் தந்தது தங்கச்சி. ஒருத்தன் இப்ப உசிரோடயும் இல்ல. கலியாணம் முடியட்டும், பொறகு கழட்டுவம். ஒரு நாளைக்குத்தானே?”

“அந்த ஒரு நாளைக்குத்தானே நானா நீங்க காரே வாங்கினீங்க?”

கேட்டிருக்கக் கூடாத கேள்வி என்று யாரும் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் முகம் சுருங்கியது. திரும்பப் பூட்டித் தரச் சொன்னார். பூட்டி, இறுக்கிக் கொடுத்தேன். பழைய புல்லி எங்கே என்று கேட்டதற்கு, “எங்கயோ கிடக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு பிற்பகல்களில் சத்தம் வரவில்லை. இவர் பாயில் புரண்டு புரண்டு படுத்தார். எனக்கும் பிளேன்ரீ இறங்கவில்லை.

ஊறுகாய் மணம்

கலியாணத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது, அதே மத்தியான நேரத்தில், ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. பர்ஹானா. கையில் ஒரு பாரமான சொப்பிங் பை.

“மாமி, வாப்பாட்டக் கேட்ட சாமான் இதுதானா?”

பையைத் திறந்ததும் தேசிக்காய் ஊறுகாய் மணம் பட்டறை முழுக்கப் பரவியது. பழைய இரும்புப் புல்லிதான். அவளுடைய உம்மா எதையும் எறிகிறவர் இல்லை. ஊறுகாய்ச் சாடியின் மூடிக்குப் பாரமாக அதை வைத்திருந்தாராம், குசினி மூலையில், இருட்டில்.

நகத்தால் றப்பரை அழுத்திப் பார்த்தேன். உள்ளே போய்த் திரும்பி வந்தது. வெயில் பட்டிருந்தால் எப்போதோ வெடித்துப்போயிருக்கும். உப்பு, விளிம்பைக் கொஞ்சம் கடித்திருந்தது. அதை நான் லேத்தில் துடைத்துவிடலாம். “உன்ட உம்மாவுக்கு நான் ஒரு சீலை எடுத்துக் குடுக்கணும்,” என்றேன்.

பர்ஹானா சிரிக்கவில்லை. “வாப்பா ஒத்துக்கமாட்டாரு மாமி. அந்தச் சத்தம் எண்டா அவருக்கு உசிரு.”

“உனக்கு விருப்பமில்லையா?”

அவள் பதில் சொல்ல வாயெடுக்கும்போது அது கேட்டது. தூரத்தில், கல்லடிப் பக்கமிருந்து. ம்ம்ம். பல நாட்களுக்குப் பிறகு கேட்டதாலோ என்னவோ, எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவர் பாயிலிருந்து எழும்பி உட்கார்ந்தார்.

சத்தம் கிட்ட வந்தது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

நெடுநேரம் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கார் இல்லை. ஒரு சைக்கிள் போனது. ஒரு பஸ் போனது. வெயில் மட்டும் தாரில் நெளிந்துகொண்டிருந்தது.

பர்ஹானாவின் முகத்தில் இரத்தமே இல்லை. “இதுதான் மாமி,” என்றாள் வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல். “சின்னதில ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஃபோன் வரும். வாறன் மகள், இந்தப் பெருநாளைக்கு வாறன் மகள் எண்டுவாரு. சட்டையெல்லாம் உடுத்திட்டுப் பாத்துக்கிட்டு இரிப்பன். சத்தம் வரும். ஆள் வராது. இப்பவும் அந்தக் கார்ச் சத்தம் கேட்டா எனக்கு நெஞ்சு அடிக்கும். ஆளக் கண்ணால காணுமட்டும் நம்ப ஏலாது.”

நான் அவள் தோளைப் பிடித்தேன். அப்போது வேலிக்கு அப்பால் ஒரு இருமல். நிஸார் நானா நின்றுகொண்டிருந்தார். வெயிலில் நடந்து வந்ததில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பெல்ட் கழன்று கார் வீதியோரம் நின்றுவிட, குறுக்கு ஒழுங்கையால் நடந்து வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. முகமே சொன்னது.

அவர் மகளைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பழைய புல்லியை வாங்கி மணந்து பார்த்தார்.

“ஊறுகாய் மணக்குது,” என்றார். “மச்சான், கார் அந்தப் பலகை விக்கிற மரக்காலையடியில நிக்கிது. கயிறு ஒண்டு எடுங்க, இழுத்துட்டு வருவம்.”

இவர் சட்டைகூடப் போடாமல் கயிற்றோடு ஓடினார். காரை இழுத்து வந்து பார்த்தபோது நீலப் புல்லியின் போல்ட் இளகி, புல்லி ஆடிக்கொண்டிருந்தது. கீ வெட்டு முழுதாகத் தின்றுபோயிருந்தது. ஷாப்ட் தப்பியிருந்தது. ஆண்டவன் புண்ணியம் என்று நானும், அல்ஹம்துலில்லாஹ் என்று அவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

பின்னேரம் பழைய புல்லியைப் பூட்டி எஞ்சினை எழுப்பினோம். வேகத்தைக் கூட்டினார், குறைத்தார், திரும்பக் கூட்டினார். எங்கேயும் பாட்டு இல்லை. எங்கள் எல்லோருக்கும் ஏதோ ஒன்று வளவை விட்டுப் போன மாதிரி இருந்தது.

நீலப் புல்லியை அவர் என்னிடமே தந்துவிட்டார். நடுவைக் குடைந்து இரும்பு புஷ் அடித்து, எங்கள் பொலிஷ் மெசினில் பூட்டியிருக்கிறேன். அங்கே பெற்றோல் வெடிப்பதும் இல்லை, முறுக்கும் இல்லை. சுகமாகச் சுற்றுகிறது. பாடுவதில்லை.

காத்தான்குடியில் ஒரு பின்னேரம்

கலியாணத்தன்று நான் பெண்ணின் அறையில் இருந்தேன். அத்தர் வாசமும் மல்லிகை வாசமும் புதுச் சீலை வாசமுமாக மூச்சு முட்டியது. மின்விசிறி சுற்றியும் சுற்றாத மாதிரி இருந்தது. மாப்பிள்ளையை அழைக்க நிஸார் நானா விடியவே போய்விட்டார். இவரும் கூடப் போயிருந்தார், வழியில் ஏதும் ஆனால் பார்க்க என்று சொல்லிக்கொண்டு. ஓட்டமாவடிச் சாப்பாட்டுக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

வெளியே வாகனங்கள் வந்து வந்து நின்றன. ஒவ்வொரு சத்தத்துக்கும் பெண்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். பர்ஹானா ஓடவில்லை. மருதாணிக் கையை மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, தூரத்தில் எதையோ கேட்க முயன்றுகொண்டிருந்தாள். கேட்டுப் பழகிய காது, சொன்னால் கேட்குமா? வராத ஒரு சத்தத்துக்காக அது காத்துக்கொண்டிருந்தது. நேரம் போகப் போக அவள் உதடு வெளுத்தது. பாழாய்ப்போன அந்த நீலத்தையே விட்டிருக்கலாமோ, இந்தப் பிள்ளைக்கு ஒரு அறிகுறியாவது கிடைத்திருக்குமே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

வாசல் திரை விலகியது. யாரோ பலகாரத் தட்டோடு வருகிறார்கள் என்று நினைத்து நான் ஒதுங்கினேன்.

நிஸார் நானா. வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் இன்னும் கார்ச் சாவி. வெளியே ஆண்கள் பக்கம் சலசலப்பு அப்போதுதான் எழும்பியது. மாப்பிள்ளை வந்து இறங்கிவிட்டார், ஒருவருக்கும் தெரியவில்லை.

பர்ஹானா நிமிர்ந்து பார்த்தாள். “வந்துட்டீங்களா வாப்பா? சத்தமே கேக்கல்லியே.”

அவர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“சத்தம்தானே மகள் இத்தன வருசமா அனுப்பினன்,” என்றார். “இப்ப ஆள் வந்திரிக்கன்.”

பர்ஹானா எழும்பி வந்தாள். மருதாணிக் கையால், சட்டை கசங்கினாலும் கசங்கட்டும் என்று அவருடைய வெள்ளைச் சட்டையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.